நாற்பத்தொன்றாவது படி

யோவானினாவில் மழை பிடித்தால் லேசில் விடாது.
ஏரி எங்கே முடிகிறது, மூடுபனி எங்கே தொடங்குகிறது
ஜன்னலுக்கே தெரியவில்லை.
மருத்துவமனையின் மூன்றாம் மாடியில்
லம்ப்ரினி ஆகிய நான்
பத்தொன்பது ஆய்வுகளை ஒரே அட்டவணையில்
உட்கார வைக்கப் பார்க்கிறேன்.

சொன்னபடி கேட்டால்தானே.
ஒன்று 0,72 என்கிறது. எங்கள் நாட்டு வழக்கம்:
புள்ளிக்கு வால் முளைத்துக் காற்புள்ளியாகும்.
மென்பொருளுக்கு வால் ஆகாது.
எண்ணைச் சொல்லென்று நினைத்து
ஓரமாய் ஒதுக்கிவிடுகிறது.

இன்னொன்று குப்புறக் கிடக்கிறது.
எல்லோரும் புது மருந்தைப் பழையதோடு ஒப்பிட
இது மட்டும் பழையதைப் புதியதோடு.
இடர் விகிதம் 1.39. திடுக்கென்றது.
மடக்கை எடுத்து
முன்னால் ஒரு சிறு கோடு போட்டேன்,
நிமிர்ந்து உட்கார்ந்தது.

மடக்கை எனக்குப் பிடிக்கும்.
அங்கே
பாதியாவதும் இரட்டிப்பதும்
பூஜ்யத்திலிருந்து ஒரே தூரம்.

மூன்று கை ஆய்வில்தான் மாட்டிக்கொண்டேன்.
பழைய மருந்து ஒரு கை, புதியவை இரண்டு.
முதல் வரி சுலபம்:
நம்பக இடைவெளி 0.45 முதல் 1.15,
இரு முனைக்கும் மடக்கை, கழித்து, 3.92ஆல் வகுத்தால்
திட்டப்பிழை 0.239.
இரண்டாம் வரியும் அப்படியே வந்துவிடும்.
ஆனால் இரண்டு வரியிலும் எதிரே நிற்பது
அதே அறுபத்திரண்டு பேர்.
அதைச் சொல்லாமல் விட்டால்
மென்பொருள் நூற்றிருபத்து நான்கென்று எண்ணும்.
ஒருமுறை செத்தவரை
இன்னொருமுறை சாகச் சொன்னவள் ஆவேன்.

சொல்வதற்கு வழி உண்டு.
அந்தக் கையில் எத்தனை மரணம் என்று தெரிந்தால்
ஒன்றை அதனால் வகுக்க வேண்டும். அவ்வளவுதான்.
கட்டுரையில் அது இல்லை.
எழுதியவருக்கு மடல் போட்டேன்,
அப்படியொரு முகவரி இல்லையென்று திரும்பி வந்தது.

படம் இருந்தது.
சாம்பல் நிறத்தில் இறங்கும் ஒரு படிக்கட்டு.
நானூறு மடங்கு பெரிதாக்கி
பென்சில் முனையால் தொட்டுத் தொட்டு எண்ணினேன்.
ஒவ்வொரு படியும் ஒருவர்.
ஆழமான படியென்றால் இருவர், ஒரே நாளில்.
நடுநடுவே சின்னக் கூட்டல் குறிகள்:
கடைசியாகப் பார்த்தபோது உயிரோடிருந்தவர்கள்.
அவர்களை நான் தொடவில்லை.

நாற்பது.

படத்தின் அடியில், எறும்பு எழுத்தில்,
மாதவாரியாக மிச்சமிருப்போர் கணக்கு.
தொடக்கத்தில் 62. மூன்றாம் மாதம் 60.
அதுவரை நான் தொட்டது ஒரே படி.
கூட்டல் குறியும் இல்லை.
அப்படியானால் இன்னொருவர் எங்கே?

ஸ்டெர்யோஸ் எட்டிப் பார்த்தார்.
வியாழக்கிழமை கூட்டத்தில் அவர் பேச வேண்டும்.
எந்த மருந்து முதலிடம், அதுதான் கேள்வி.
கையிலிருந்த காப்பி ஆறிவிட்டிருந்தது.
"இன்னும் வலையே பின்னவில்லை, டாக்டர்" என்றேன்.
"ஓர் ஆளைக் காணோம்."

அவர்தான் கண்டுபிடித்தார்.
புற்றுநோய் மருத்துவர், படம் பார்த்துப் பழகிய கண்.
"இதோ, சிவப்புக்கு அடியில்."
இரண்டாம் வாரம்.
புது மருந்தின் கோடும் பழையதின் கோடும்
ஒன்றன்மேல் ஒன்றாய்ச் சேர்ந்து இறங்கிய இடம்.
மேலே வரைந்தது சிவப்பு.
கீழே ஒரு மனிதர்,
மருந்துச் சீட்டின் மை காயுமுன் போனவர்.

நாற்பதால் வகுத்தால் 0.0250.
நாற்பத்தொன்றால், 0.0244.

"இதனால் முடிவு மாறுமா?" என்றார் ஸ்டெர்யோஸ்.
மாறாது.
தரவரிசையில் ஒரு மயிரிழைகூட நகராது.

கட்டத்துக்குள் சொடுக்கினேன்.
பூஜ்யம், புள்ளி,
வால் இல்லாத புள்ளிதானா என்று ஒருமுறை பார்த்து,
பூஜ்யம், இரண்டு, நான்கு, நான்கு.

கீழே தீவிலிருந்து கடைசிப் படகு
விளக்கோடு வந்துகொண்டிருந்தது.
தண்ணீரில் வருகிறதா, பனியில் வருகிறதா,
அதைத்தான் சொல்ல முடியவில்லை.