டிரைவர்தான் பிரச்சினை

மில்லிலிருந்து கிராணி தியாகசீலன் கூப்பிட்டபோது
லாபிஸ் கடைத்தெருவில் நான்
ஒரு பள்ளிக்கூடத்துப் பிரிண்டரின் வயிற்றுக்குள்ளிருந்து
பேப்பர் கிளிப்பை எடுத்துக்கொண்டிருந்தேன்.
"பதினேழு லோரி நிக்குது, மலர். ஸ்கிரீன் நீலமாயிருச்சு."
கறுப்பென்றால் ஒயராக இருக்கும், சாப்பிட்டுவிட்டுப் போகலாம்.
நீலம் என்றதும் பையை எடுத்தேன்.

மில் வாசலில் புளித்த ஆவி.
லோரிகளின் முதுகில் செம்பனைக் குலைகள் வெயில் காய்ந்தன.
நேரம் ஆக ஆக எண்ணெயில் அமிலம் ஏறும்;
கிராணியின் முகத்தில் முன்னமே ஏறியிருந்தது.

எடைமேடைக் கம்ப்யூட்டருக்கு இது மூன்றாம் வைத்தியம்.
முதல் முறை தூசு என்றேன்.
நாரும் எண்ணெயும் சேர்ந்து காற்றாடிமேல் கம்பளி நெய்திருந்தது.
துடைத்தேன். எண்பது வெள்ளி.
அடுத்த முறை மெமரி என்றேன்.
அழிரப்பரால் அதன் பொன்முனையைத் தேய்த்தேன்
(இந்த ஊரில் ரப்பருக்கு மிச்சமிருக்கும் வேலை).
அறுபது வெள்ளி.
இரண்டும் பொய்யில்லை.
இரண்டும் காரணமுமில்லை.

இன்று எதையும் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.
எடை விழும்வரை எல்லாம் சரி.
நம்பர் பிளேட்டைக் காமிரா காட்டும் கணத்தில்
திரை ஒருமுறை விக்கும்,
கறுக்கும்,
பிறகு நீலம்.
அடியில் ஒரு கோப்பின் பெயர்:
எட்டு எழுத்து, எட்டும் மெய்,
ஓர் உயிர்கூடக் கிடையாது.
வாய்விட்டுப் படிக்க முடியாத இந்தப் பெயர்கள்தாம்
எனக்குச் சோறு போடுகின்றன.

பதிவைத் திறந்து தேதிகளைக் கோத்தேன்.
முதல் சாவு வெள்ளிக்கிழமை காலை ஏழு பத்து.
அதே வெள்ளி, விடியுமுன் மூன்று மணிக்கு,
யாரும் கேட்காமல், யாரையும் கேட்காமல்
தன்னைத் தானே புதுப்பித்திருக்கிறது கிராபிக்ஸ் டிரைவர்.

சத்தமாகச் சொல்லிவிட்டேன்:
"டிரைவர்தான் பிரச்சினை."

வரிசையில் முதல் லோரி சன்னாசியுடையது.
கதவுவரை வந்துவிட்டார். பின்னால் ரோஸ்லான்,
அவருக்கு யாரோ அதற்குள் மலாயில் பெயர்த்திருந்தார்கள்.
"எந்த டிரைவரு? விடியக்காலம் அஞ்சு மணிலேர்ந்து நிக்கிறேன், நானா பிரச்சினை?"
"அண்ணே, உள்ள இருக்குற டிரைவரு."
"உள்ள எவன் இருக்கான்?"
"படம் காட்டுற அட்டைய ஓட்டுறவன். புதுசு.
அட்டை பழசு. இவனுக்கு கிளட்ச் பிடிபடல."
அது போதும் அவருக்கு. ஸ்டூலை இழுத்து உட்கார்ந்துவிட்டார்.

முதலில் நெட் ஒயரைப் பிடுங்கினேன்.
இல்லாவிட்டால் காலியான இருக்கைக்கு
அதே ஆளை அதே நிமிஷம் அனுப்பிவைக்கும் விண்டோஸ்.
சேஃப் மோடில் எழுப்பினேன்:
எழுத்து வீங்கி, நிறம் வெளிறி, காய்ச்சலில் எழுந்த முகம்.
புதியதை வேரோடு கழற்றி,
பென்டிரைவிலிருந்த இரண்டு வருஷப் பழையதை ஏற்றி,
தானாய்ப் புதுப்பிக்கும் வழியை அடைத்து முடிக்க
ஒரு மணி நேரம்.
வெளியே ஷஹிதுல் உதிரிப்பழங்களை
இரண்டாம் தடவை வாரிக்கொண்டிருந்தான்.

சன்னாசியின் லோரி மேடையேறியது.
எண்கள் ஓடி, தயங்கி, நின்றன.
காமிரா.
சேறு அப்பிய ஜோகூர் நம்பர், முழுசாக.
ஆறாவது லோரிவரை நான் மூச்சை அடக்கியிருந்தேன்;
ஏற்கெனவே இருமுறை ஜெயித்ததாக நினைத்தவள்.
கிராணி நூற்றிருபது நீட்டினார்.
அறுபதைத் திருப்பிக் கொடுத்தேன், ரப்பருக்கு.

வெள்ளை டேப்பில் மார்க்கரால் எழுதிப் பெட்டியில் ஒட்டினேன்:
புதுசு போடாதே. பழைய டிரைவரே போதும்.

பாரம் இறக்கிவிட்டு ரசீதுக்கு வந்த சன்னாசி
அதையே படித்துக்கொண்டு நின்றார்.
வரும் மாதம் அவருக்கு அறுபத்தொன்று.
ஏஜென்சியிலிருந்து ஆள் எடுக்கப் பேச்சு நடக்கிறதாம்.
"இன்னொண்ணு எழுதிக் குடு, தங்கச்சி.
லோரியில ஒட்டணும்."

டேப் தீரும் தறுவாயில் இருந்தது.
'போதும்' கொஞ்சம் கோணலாக விழுந்தது.