மூன்றாம் படி வரைதான்

மூடி உடைந்த ரெஜிபோம் மீன்பெட்டி,
நஸ்வர் சும்மா தந்தது.
எத்தனை தரம் கழுவியும்
சூரை வாசம் போகவில்லை.
கத்தரிக்கு அது பிடித்திருக்கிறது போல.

பெயின்ற் வாளியில் பச்சைமிளகாய்,
அடி கருகிய ரைஸ்குக்கர் சட்டியில் வல்லாரை.
மண் மட்டும் காசுக்கு.
திருமலை மணலில் ஊற்றுகிற தண்ணீர்
நேரே கடலுக்குப் போய்விடும்.

விடியப்புறம் நாலு மணிக்கு
கோட்டைப் பக்கமிருந்து மான்கள் வரும்.
முதலில் சந்தைக் குப்பையில் கோவா இலை,
பிறகு எங்கள் ஒழுங்கை.
முதற்படியில் பொன்னாங்காணி வைத்தேன், போயிற்று.
இரண்டாம் படியில் தக்காளி,
தண்டு மட்டும் மிச்சம்.
மூன்றாம் படிக்கு மேல் மான் ஏறாதென்று
கீழ்வீட்டு அற்புதமலர் அடித்துச் சொன்னாள்.

நாலாம் படியில் கத்தரி.
ஏழு பூ. ஆறு உதிர்ந்தது.
மிஞ்சிய ஒன்று
ஊதாவாய்த் திரண்டு
பாரம் தாங்காமல்
பெட்டி விளிம்பில் சாய்ந்து படுத்திருக்கிறது.

நேற்றிரவு மழை.
படிகளில் குளம்புச் சேறு.
ஒன்று, இரண்டு, மூன்று,
நாலாவதிலும்.

காய் இருக்கிறது.
ஒரேயொரு இலையில்
பிறையளவு கடி.
முகர்ந்துவிட்டுத் திரும்பியிருக்க வேண்டும்.

நஸ்வரிடம் இன்னும் ஐந்து பெட்டி கேட்டிருக்கிறேன்.
கழுவாமல்.