திரும்பி வந்த சாண்டர்

சத்தியசீலன்,
நேற்று ராத்திரி கேட்டில் மாட்டிவிட்டுப் போயிருக்கிறாய்,
சூப்பர் மார்க்கெட் பையில் சுற்றி.
மணி அடித்திருக்கலாம். விழித்துத்தான் இருந்தேன்.

முதலில் குற்றப்பத்திரிகை.
தூசிப்பையைக் கொட்டவில்லை. முக்கால் நிரம்பினாலே
அதற்கு மூச்சு முட்டும், சூடேறி மோட்டாரைத் தின்னும்.
காகிதத்தின் எட்டு ஓட்டைகளும் தட்டின் எட்டு ஓட்டைகளும்
நேருக்கு நேர் நிற்கவேண்டும் என்று
கேட்டருகே வைத்துக் காட்டினேனா இல்லையா?
நீ மாட்டியிருப்பது கண்ணை மூடிக்கொண்டு.
மிச்சக் காகிதத்தை பிஸ்கட் டின்னில் போடு என்றேன்,
டர்பன் ஈரத்தில் சுருண்டு கருவாடாகிக் கிடக்கிறது.
தட்டின் ஸ்பாஞ்சு ஒரு மூலையில் நைந்திருக்கிறது.
அழுத்தியிருக்கிறாய்.
ஒன்றரைக் கிலோ இயந்திரம், தன் எடையே போதும் அதற்கு,
கை கூடப் போனால் சரி.
அழுத்தினால் மரத்தில் சுழி விழும்.
வார்னிஷ் பூசிய பிறகுதான் தெரியும், சாய்ந்த வெயிலில்,
எண்ணெய் தேய்த்த தலையில் ஈர் தெரிவதுபோல.

இன்று சனி. ஆறு மணிக்குக் கரண்ட் போகும்,
எட்டரைக்கு வரும், வந்தால்.
அதற்குள் பிரித்துவிட வேண்டுமென்று
கராஜில் செய்தித்தாள் விரித்து உட்கார்ந்தேன்.
பக்கத்து மூடிகள் இரண்டும் காசு முனையில் கழன்றன.
கார்பன் துண்டுகளில் ஒன்று அரிசிமணிக்குத் தேய்ந்து,
இன்னொன்று கொஞ்சம் தேவலை.
ஆனாலும் ஜோடியாகத்தான் மாற்றுவது,
ஒன்று புதிதும் ஒன்று பழையதுமாய் ஓடினால் பொறி பறக்கும்.
மாற்று ஜோடி டப்பாவில் இருந்தது.
அறுபது ராண்ட், சாட்ஸ்வர்த் கடையில். பில் வைத்திருக்கிறேன்.

பிறகுதான் பையின் ஜிப்பைத் திறந்தேன்.

அடியில் என்னுடையது:
போன மாதத்து மருந்துக்கடைக் கவுண்டர், கியாட் மரம்,
காப்பித்தூள் நிறம், லேசான காரவாடை.
அதன்மேல் ஒரு விரல்கடை
ரோஸ்.

தோட்டத்து பெஞ்சு என்றாய்.
உன் பெஞ்சு என் சுவருக்கு மேல் எட்டினால் தெரியும்.
பச்சை. இன்னும் பச்சை. ஹடீடா எச்சம்கூட அப்படியே.

இந்த ரோஸ் சலோசனி பார்லர் சுவருக்கு வாங்கியது.
மிச்சத்தைக் கண்ணாடி மேஜைக்கு அடித்தாள்.
டின் மூடியை ஸ்க்ரூடிரைவரால் நெம்பிக் கொடுத்தது நான்,
ஒரு சொட்டு இன்னும் என் சிமெண்டுத் தரையில் இருக்கிறது.
மார்ச்சில் ஜோகன்னஸ்பர்க் பஸ் ஏறினாள்.
மேஜையை அனுப்பச் சொன்னாளா, வேண்டாமென்றாளா,
நீ சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

முகமூடி உறைகூடப் பிரிக்காமல் வந்திருக்கிறது.
அந்த ரோஸில் பாதி உன் நெஞ்சுக்குள் போயிருக்கும்,
ரெண்டு நாளைக்கு இருமுவாய்.

ரோசுக்கு மேலே பைன் மரத்தின் வெளிர் மாவு,
சலித்த மைதாபோல.
எண்பதில் தொடங்கி நூற்றிருபது, நூற்றெண்பது,
இருநூற்று நாற்பதுவரை போயிருக்கிறாய்,
ஒன்றையும் தாண்டிக் குதிக்கவில்லை.
அதில் மட்டும் என் பேச்சைக் கேட்டிருக்கிறாய்.

பெட்டி மூலையில் பென்சில்.
புதுசு கொடுத்தேன், சீவாதது.
மரத்தில் மேலாகக் கிறுக்கு,
கிறுக்கல் மொத்தமும் மறைந்தால் அந்தக் காகிதத்தின் வேலை முடிந்தது,
அடுத்ததை மாட்டு என்றேன்.
நாலு காகிதம், நாலு கிறுக்கல்.
ஒரு மேஜைக்கு ஒரு நகம் நீளம்கூடச் செலவாகாது.
வந்திருப்பது கட்டைவிரல் அளவு.

என்னத்தை எழுதினாய் சீலா,
இத்தனை தரம்,
எழுதி எழுதி அதன்மேலேயே ஓட்டி?

கரண்ட் போய்விட்டது.
கடைசி மூடியை டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு முடுக்கினேன்.
புதுக் கார்பன் பழக, பத்து நிமிஷம் சுமையில்லாமல் ஓட்டவேண்டும்,
அது எட்டரைக்குப் பிறகு.
உன் ஜன்னலும் இருட்டு.
அறுபது ராண்டை விட்டுவிடுவேன் என்று நினைக்காதே.
கொண்டு வா.
இந்தத் தடவை மணி அடி.