பதினொன்றே கால் கிலோ

ஜபருல்லா கடையில் தராசுதான் முதலில் பேசும்.
"பதினொன்றே கால். கால் உங்களுக்கு விட்டுட்டேன்.
ஃபேன் கத்தும், அப்புறம் என்னைச் சொல்லக் கூடாது."
சிப்காட்டில் சாயக் கம்பெனி மூடியபோது
ஏலத்தில் வந்த பெட்டி.
காற்றுத் துளைகளில் இன்னும் நீலம்.

தொண்ணூற்றிரண்டில் செய்தது.
செய்த நிறுவனம் இல்லை.
முதுகில் ஒட்டியிருந்த சேவை எண்ணுக்கு அடித்தால்
பண்ருட்டியில் ஒரு கல்யாண மண்டபம் எடுக்கிறது.

உப்புக்காற்று தின்ற சிப்புகளின் கால்களைப்
பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தேன்,
மூன்று ஞாயிறு.
"ஓடினா என்ன செய்யும்?" என்றார் ஞானப்பிரகாசம்.
"ஓடும்" என்றேன்.
அவர் சட்டைகளைத் துவைக்கப் போட்டார்.

முகம் தெரியாத பலபேர் எழுதி
எடுத்துக்கொள் என்று திறந்து வைத்த யூனிக்ஸ்.
எந்தெந்தப் பெட்டிக்கோ இடமிருந்தது அதில்,
இதற்கு மட்டும் ஒரு ஃபோல்டர் இல்லை.
உண்டாக்கினேன்.
காலியாகக் கிடந்தது, புது ரேஷன் கார்டு போல.

சீரியல் வயர் வழியே முதலில் வந்தது
ஒரே ஓர் எழுத்து.
பிறகு பதினேழு நாள் ஒன்றுமில்லை.

பிறகு சொற்கள் வந்தன,
எழுத்துகள் இரண்டிரண்டாய் இடம் மாறி.
கடலூர் என்றால் டகர்லூ என்கிற வாய்.
பெரிய பைட்டை முன்னால் வைப்பது அதன் வழக்கம்,
பின்னால் வைப்பது என் லேப்டாப்பின் வழக்கம்.
அப்பா பெயரை முன்னால் போடும் பள்ளிக்கூடத்துக்கும்
பின்னால் கேட்கும் பாஸ்போர்ட் ஆபீசுக்கும் நடுவே
ஒரு வருஷம் அலைந்தவள் நான்.
இந்தத் தகராறு எனக்குப் பழக்கம்.

அப்புறம் டிஸ்க்.
கேட்டு முடிப்பதற்குள் பதில் சொல்லிவிடுகிறது,
காது இன்னும் திறக்காத கர்னல்
மிரண்டு விழுகிறது.
விழுந்த இடத்தின் முகவரியை நோட்டில் குறித்தேன்,
நாற்பது பக்கம்.
கடைசியில் ஒரு வரியைத் தூக்கி
இன்னொரு வரிக்கு மேலே வைத்தேன், அவ்வளவுதான்.
ஐப்பசி முழுக்க அதற்குப் போயிற்று.

துறைமுகத்தில் மூன்றாம் எண் கூண்டு ஏற்றிய இரவு,
இன்வெர்ட்டர் முனகலில்,
திரையில் அது கேட்டது: யார் நீ?
பெயரைத் தட்டினேன். உள்ளே விட்டது.
தேதி கேட்டேன்.
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபது, ஜனவரி ஒன்று,
காலை ஐந்தரை.
கடிகார பேட்டரி எப்போதோ செத்திருக்கிறது.
அதன் கணக்கில் இது இன்னும் தென்னாற்காடு,
நான் பிறக்கப் பதினாறு வருஷம் இருக்கிறது,
எந்தப் புயலுக்கும் பெயர் வைக்கவில்லை.

கெடிலம் தெருவுக்குள் வந்தது விடியலில்.
கட்டில் மேல் ஏற்ற ஒன்றுக்குத்தான் நேரமிருந்தது.
எதை ஏற்றினேன் என்பதை
ஞானப்பிரகாசம் இன்றுவரை எல்லோரிடமும் சொல்கிறார்.

தண்ணீர் வடிந்த நான்காம் நாள்
ஜபருல்லா தராசோடு வந்தார்,
சேறு குடித்த வாஷிங் மெஷினை எடுக்க.
உள்ளறையில் பெட்டி ஓடுவதைப் பார்த்து நின்றார்.
"கத்தலையே."
"ஃபேனுக்கு எண்ணெய் விட்டேன்."
"இப்ப எடை கூடியிருக்குமா?"
"இருக்காது. தூசி போனதுல குறைஞ்சிருக்கும்."
சிரித்தார். மெஷினைக் கொக்கியில் மாட்டினார்.
"இதுக்கும் ஏதாவது எழுதுவீங்களாம்மா?"

முள் ஆடி நிற்கும் வரை
நான் பதில் சொல்லவில்லை.
அதன் பின்மூடியில் எத்தனை திருகு என்று
எண்ணிக்கொண்டிருந்தேன்.