உள்ளே இரும்பு

டிசம்பர். சாவா நதி
காட்டுக்குள் ஏறி வர வேண்டிய மாதம்.
வரவில்லை.
என் ரப்பர் பூட்ஸ் முழங்கால்வரை
காரணமில்லாமல் உயரமாக இருக்கிறது.

வேலை எளிதுதான்.
வெட்டுவதற்குச் சிவப்பு எண் போட்ட ஓக் மரங்களை
ஒவ்வொன்றாய்ச் சுற்றிவந்து
அடித்தண்டில் கருவியை ஓட்ட வேண்டும்.
பீப் என்றால் உள்ளே இரும்பு:
தொண்ணூற்றொன்றின் குண்டுச் சிதறல்,
தோட்டா, ஒருமுறை முள்வேலி ஒரு முழம்.
மரம் அதைச் சுற்றி மெல்ல வாயை மூடி
முப்பது வளையங்களால் போர்த்தியிருக்கும்.
ஆலை ரம்பத்துக்கு இரும்பு ஆகாது.
நான் சுண்ணக்கட்டியால் ஒரு பெருக்கல் குறி போடுவேன்.
குறி விழுந்தது நிற்கலாம்.
மற்றவை ஒயின் பீப்பாயாகப் பிரான்ஸுக்குப் போகும்.

"சுடப்பட்டதுதான் பிழைக்குது" என்பான் டோமகோய்,
ரம்பச் சங்கிலிக்கு எண்ணெய் விட்டபடி.
ஒவ்வொரு வாரமும் சொல்வான்.
ஒவ்வொரு வாரமும் அவனே சிரிப்பான்.

எல்ம் மரங்கள் நான் பிறப்பதற்கு முன்பே போய்விட்டன.
ஆஷ் இப்போது போகிறது.
என் பெயர் யாசென்கா; யாசென் என்றால் ஆஷ்.
மூன்று கோடைகளாக
என் பெயர் உச்சியிலிருந்து காய்வதை
அண்ணாந்து பார்க்கிறேன்.
ஓக் இலைகள் ஆகஸ்டிலேயே வெளிறுகின்றன:
கடல் தாண்டிச் சரக்கோடு வந்த
ஒரு கண்ணாடிச் சிறகுப் பூச்சி,
கடுகளவு,
அடியிலிருந்து பச்சையை உறிஞ்சிவிடுகிறது.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை என்கிறாள் ரெனாட்டா.
அவள் நிலத்தில் இறக்கிய குழாய்க்குள்
நாடாவை விட்டு நீரை அளப்பவள்.
போன வருஷம் மூன்று மீட்டர் பத்து.
இன்று நாலு முப்பது.
மேற்கே சோள வயல்களுக்காக வெட்டிய கால்வாய்
இங்கே இரவெல்லாம் குடிக்கிறது.
வேர் எவ்வளவு தூரந்தான் குனியும்,
என்று கேட்டுவிட்டு
அவள் எண்ணை நோட்டில் எழுதிக்கொண்டாள்.

பதினேழாம் பகுதிக்குள்
போன வசந்தம்வரை யாரும் போனதில்லை.
மண்டையோட்டுப் பலகை. கண்ணிவெடி.
விழுந்த மரம் விழுந்த இடத்திலேயே மட்கியது,
மட்கியதில் வண்டு, வண்டுக்கு மரங்கொத்தி.
ஜே பறவை புதைத்து மறந்த கொட்டைகளெல்லாம்
என் இடுப்புயரம் வந்திருக்கின்றன.
வெடிதான் நல்ல வனக்காவலன் என்று
வாய்வரை வந்துவிடும்.
சொல்லக்கூடாது.
பன்றியைத் தேடிப்போன ஸ்டியெபான்
காலை விட்டது அங்கேதான்.
பன்றி மாலையில் தானாகவே வீடு திரும்பியது.

வெடிகளை எடுத்து முடித்த மறு மாதம்
சிவப்பு வண்ணம் வந்தது.

இருநூற்றுப் பன்னிரண்டு.
மூன்று பேர் கைகோத்தாலும் எட்டாத அடி.
மேலே பொந்து, பொந்தின் விளிம்பில் புதிய கொத்துச் சிராய்.
பக்கத்தில் ஹார்ன்பீம்கள் அதன் நிழலையே நம்பி
கூன்போட்டு நிற்கின்றன.
ஒரு சுற்று. சத்தமில்லை.
இன்னொரு சுற்று, கருவியைப் பட்டையில் அழுத்தி.
மூன்றாவது சுற்றில்
பாட்டரியைக் கழற்றி மாட்டிப் பார்த்தேன்.
யாரும் இதைச் சுட்டதில்லை.

கோட்டுப் பையில் ஓர் ஆணி இருக்கிறது. நாலு அங்குலம்.
வின்கோவ்ட்சியில் வாங்கியது, அக்டோபரில்.
ஒரே ஓர் ஆணியை யார் வாங்குவார்?
கடைக்காரர் காசுகூட வாங்கவில்லை.

ரம்பத்திலிருந்து தப்பும். தாகத்திலிருந்து?
நாலு முப்பது, நாலு முப்பது என்று
மனசுக்குள் ஓடிக்கொண்டிருந்தது,
கையில் கல்லை எடுத்தபோதும்.
மரங்கொத்தி எங்கோ தட்டத் தொடங்கியது.
அது தட்டும்போதெல்லாம் நானும் தட்டினேன்.
தலை உள்ளே போனதும்
பாசியைக் கிள்ளி அந்த இடத்தில் வைத்தேன்.

கருவியை ஓட்டினேன். பீப்.

"தோட்டாவா?" பனிக்குள்ளிருந்து டோமகோய்.

ஆமாம் என்றேன்.

"பழசா?"

ஈரப் பட்டையில் சுண்ணக்கட்டி பிடிக்கவில்லை.
ஒரு கோட்டை இரண்டு முறை இழுத்தேன்.
மற்றதை மூன்று முறை.