நாலாம் பங்கு

பள்ளத்தூர் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே என் கடை.
போர்டில் என் பெயர் இல்லை,
'கலர் பிரிண்ட், லேமினேஷன், ஆதார்' என்று மட்டும்.
மத்தியானம் மூன்று மணி, மின்விசிறி தவிர யாரும் பேசாத நேரம்,
சேவுகன் அண்ணன் பென்டிரைவோடு வந்தார்.
பின்னாலேயே உமையாளும் சாத்தப்பனும்,
சண்டையைப் பாதி வழியிலேயே தொடங்கிவிட்டு.

வளவு வீட்டை மூன்று நாள் சினிமாக்காரர்களுக்கு விட
பதினொரு பங்காளிகளின் சம்மதக் கடிதம்.
பத்துக் கையெழுத்து இருக்கிறது.
வயிரவன் என்ற பெயருக்கு மேல் மட்டும்
ஒரு கருப்புக் கட்டம்.
தீப்பெட்டி அகலம்.

"டொராண்டோவில உக்காந்துக்கிட்டு
நம்ம மூஞ்சியில கரி பூசுறான்" என்றார் சேவுகன்.
"வேண்டாம்னா வேண்டாம்னு எழுதுறது."
உமையாள் ஒன்றும் சொல்லவில்லை.
போன நவம்பரில் வயிரவனின் அம்மா காரியத்துக்கு
யார் யார் போகவில்லை என்று
விரல்விட்டு எண்ணுவதுபோல் இருந்தது அந்த மௌனம்.

கோப்பைத் திறந்தேன்.
வாட்ஸப் வழியாக வந்த ஜேபிஜி.
வெளிச்சத்தை ஏற்றினேன், கருப்பு சாம்பலானது.
இன்னும் ஏற்றினேன், சாம்பல் வெளுத்தது.
ஓர் எழுத்தும் எழுந்து வரவில்லை.

"கையெழுத்து இதுக்குள்ளதான் இருக்கு."
"எடு, பார்ப்போம்."
"எடுக்க முடியாது."
மூவரும் பார்த்த பார்வையில்
நானும் டொராண்டோவுக்குப் போய்விட்டேன்.

அவர்களுக்குத் தெரிந்த கணக்கில் சொன்னேன்.
படத்தில் ஒவ்வொரு புள்ளியும் ஒரு வீடு.
சிவப்புக்கு ஒரு பங்கு, பச்சைக்கு ஒன்று, நீலத்துக்கு ஒன்று.
பிஎன்ஜியில் நாலாவதாக ஒருவன் இருக்கலாம்.
அவனுக்கு நிறமே கிடையாது.
மற்ற மூவரும் எவ்வளவு தெரியலாம் என்று சொல்வதே அவன் வேலை.
அவன் பூஜ்யம் என்றால் அங்கே ஒன்றுமில்லை,
பின்னால் இருக்கும் காகிதம் தெரியும்.
ஜேபிஜிக்கு மாற்றினால் முதலில் அவன்தான் வெளியே.
அந்தப் பத்திரத்தில் மூன்று பேருக்குத்தான் இடம்.
'ஒன்றுமில்லை' என்று எழுத அதில் கட்டமே இல்லை.
காலி இடத்தில் எதையாவது ஊற்றியாக வேண்டும்,
சில செயலி வெள்ளையை ஊற்றும், சிலது கருப்பை.
வயிரவன் எழுதியது கருப்பு மையில்.

சாத்தப்பன் நெடுநேரம் யோசித்துவிட்டுக் கேட்டார்:
"அப்ப நாலாமவன் பங்கை யாரு எடுத்துக்கிட்டா?"
எந்தப் பாடத்திலும் இதற்கு நான் பதில் படித்ததில்லை.

உமையாள்தான் போன் போட்டாள். அங்கே விடிகாலை.
"எனக்குத் தெளிவாத்தானே தெரியுது அக்கா?"
போட்டோவாக வேண்டாம், டாக்குமென்டாக அனுப்பு என்றேன்.
வந்தது.
ஒன்றுமில்லாததைக் காட்ட கணினி விரிக்கும்
சாம்பல் வெள்ளைக் கட்டங்களின் மேல்
சாய்ந்த 'வயிரவன்', கடைசி எழுத்தின் வாலில் ஒரு சுழி.
கடிதத்தில் வைத்தேன்.
வரியின் குறுக்கே கிடந்தது,
அடியில் ஓர் எழுத்தும் மறையவில்லை.

அப்போதுதான் மவுஸ் வழுக்கி
சேவுகன் அண்ணன் கையெழுத்து சற்றே நகர்ந்தது.
அது ஜேபிஜி. வெள்ளை ஊற்றியது.
வெள்ளைத் தாளில் வெள்ளைப் பெட்டி,
யார் கண்ணிலும் உறுத்தாது.
அதற்கடியிலிருந்து ஒரு வரி எட்டிப் பார்த்தது:
'வாடகைத் தொகையைப் பதினொரு பங்காகச் சமமாக'

தெரியாமல் விழுந்திருக்கலாம்.
விழும். எத்தனையோ பார்த்திருக்கிறேன்.
இருந்த இடத்துக்கே நகர்த்தியும் இருக்கலாம் நான்.

வெள்ளையைத் தொட்டு நீக்கினேன்.
கையெழுத்தின் ஓரமெல்லாம் மயிரிழை வெள்ளை
ஒட்டிக்கொண்டுதான் இருந்தது. முழுசாகப் போகாது அது.
உமையாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு
ஐந்தாவது பத்தியை உரக்க வாசித்தாள்.
இரண்டாம் முறையும் வாசித்தாள்.
சேவுகன் அண்ணன் காரைக்குடி பஸ் வருகிறதா என்று
வாசலை எட்டிப் பார்த்தார்.

பதினொரு பிரதி, இருபத்திரண்டு ரூபாய்.
வயிரவனின் இரண்டு ரூபாயை
உமையாள் போட்டாள்.