அண்ணனா, தம்பியா

ஹோர்முஸில் கிணறு கிடையாது.
உப்பு மலை உண்டு, குருதி நிறத்தில் மண் உண்டு,
சுங்கச் சாவடி உண்டு, நான்கு மொழியில் வசை உண்டு.
குடிக்கிற நீர் மட்டும் படகில் வரவேண்டும்.
அப்படிப்பட்ட தீவுக்குத்தான்
மூன்று ராஜாக்கள் அடித்துக்கொண்டார்கள்.

நான் சதக்கு நெய்னா, காயல்பட்டினத்து ஆள்.
முத்து நிறுக்க வந்தவன்,
நாக்கு புரண்டதால் துபாசி ஆனேன்.
நாளுக்கு ஒன்று,
கொண்டை ஊசிபோல் மடித்த வெள்ளிக் காசு,
கூடவே அரைக் குடம் தண்ணீர்.

அன்று கோட்டைக்குள் புதுக் கம்பளம்.
ஒரு பக்கம் பறங்கிக் கப்பித்தான் ஜெரோனிமு வாஸ்
வெல்வெட்டுக்குள் வெந்துகொண்டிருந்தான்.
எதிரே ஷாவின் தூதர் மீர்சா பக்தாஷ்,
ஒரு பேரீச்சம்பழத்தை ஒரு நாழிகை மென்றார்.
நடுவில், கால் தரையைத் தொடாத ஆசனத்தில்
இத்தீவின் ராஜா. வயது பதினொன்று.
அவனை யாரும் எதுவும் கேட்கவில்லை.

பறங்கி ராஜாவின் ஓலை தொடங்கியது:
‘என் அன்புச் சகோதரனுக்கு.’
ஷாவின் மடலும் அப்படியே:
‘என் அருமைச் சகோதரனுக்கு.’
ஒருவர் முகத்தை ஒருவர் கண்டதில்லை.
ரூமின் சுல்தானிடம் பீரங்கி அதிகம்;
அந்தப் பயம் பெற்றுப்போட்ட இரட்டையர்.

வாய் பார்சியில் ஓடியது, மனம் தமிழில் இடறியது.
எங்கள் பாஷையில் வெறும் சகோதரன்
ஏட்டில்தான் இருக்கிறான்.
வீட்டுக்குள் நுழைந்தால் அவன்
அண்ணன், இல்லையேல் தம்பி.
யார் முதலில் கை நனைப்பது, யார் எழுந்து நிற்பது,
சொல்லுக்குள்ளேயே தீர்ந்துவிடும்.
இவர்களுக்கோ தீரவேயில்லை.
யார் பெயர் மேலே என்று நான்கு நாள்.
கடைசியில் இரண்டு பிரதி,
அவரவர் பிரதியில் அவரவர் அண்ணன்.
யோசனை என்னுடையது. கூலி கூட்டவில்லை.

முத்திரை மெழுகு காய்வதற்குள்
சின்ன ராஜா என் காதருகே சாய்ந்து கேட்டான்:
‘சகோதரன் என்றால்,
பின்கட்டில் இருக்கிறார்களே, அவர்களைப் போலவா?’

பின்கட்டில் இருந்தவர்கள் ஐந்து பேர்.
பட்டத்துக்கு உரியவர்கள், ஆகையால் கண் இல்லாதவர்கள்.
முடி சூட்டும் நாளில் இங்கே
பழுக்கக் காய்ச்சிய செம்புக் கிண்ணமும் வரும்.
மூத்தவர் பஹ்மன்ஷா. இந்தச் சிறுவனுக்கு அண்ணன்.
சதுரங்கத்தில் காய்களைத் தடவித் தடவியே
என்னைத் தோற்கடிப்பார்.

‘இல்லை, இது வேறு’ என்றேன்.
எந்த மொழியில் சொன்னேன் என்று நினைவில்லை.

மூன்று மாதம் நன்றாகவே போனது.
ஷாவின் ஆட்கள் காவல் நிற்கும் கரை ஊற்றிலிருந்து
கல்ஃபானின் படகுகள் வந்தன.
தண்ணீர் மலிந்தது. கப்பித்தான் கால்கூடக் கழுவினான்.

பிறகு ஒரு காலை
பஹ்மன்ஷா ஒரு மிடறை வாயில் வைத்து
விழுங்காமல் வெகுநேரம் இருந்தார்.
‘கெஷ்ம் தீவுத் தண்ணீர்’ என்றார்.
‘கொஞ்சம் கந்தகம். கரை ஊற்று இல்லை.
நெய்னா, உன் சகோதரர்கள் பிரிந்துவிட்டார்கள்.
உனக்குக் கடிதம் வந்ததா?’

வரவில்லை. பதினேழு நாள் கழித்து வந்தது.
ஷாவுக்கும் ரூமின் சுல்தானுக்கும் சமாதானம்.
எல்லையில் யார் ஆடு யார் புல்லை மேய்வது
என்பதுவரை பேசி முடித்தாயிற்று.
இனி பறங்கி வேண்டாம். கோட்டையைக் காலி செய்க.
முதல் வரி மட்டும் மாறவில்லை:
‘என் அருமைச் சகோதரனுக்கு.’

பார்சியில் உரக்கப் படித்தேன்.
கப்பித்தான் வியர்வையைத் துடைத்துக்கொண்டு காத்திருந்தான்.
குடத்தைப் பார்த்தேன், அடியில் ஒரு கை அளவு.
பறங்கி பாஷையில் சொல்லும்போது
அந்த ஒரு சொல்லை விழுங்கிவிட்டேன்.
கூலியில் யாரும் பிடிக்கவில்லை.

இரண்டு மொழியும் தெரிந்த சின்ன ராஜா மட்டும்
என்னை ஒருமுறை பார்த்தான்,
பிறகு பின்கட்டுக் கதவை.